அடுக்களைக்கு மதிப்பளித்த எஸ்கோஃபியே

பெருமக்கள் வரலாறு என்றவுடன் முடியுடை வேந்தரும், போர்க்களம் கண்ட தளபதியரும், பாவாணரும், விஞ்ஞானியருமே நம் நினைவில் முன்வந்து நிற்பர். அடுப்பின் முன்னின்று வியர்வை சிந்திய ஒருவரை அவ்வரிசையில் அமர்த்த முற்படின் நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும், நாள்தோறும் நம்மை வாழ்விக்கும் தொழில் யாது என்று சிறிது எண்ணிப் பார்ப்போர் அந்நகையை நீடிக்கமாட்டார். ஆதலின், சமையற்காரராகத் தொடங்கிச் சமையற்காரராகவே முடிந்த ஒரு பெரியாரின் வரலாற்றை இவண் கூறத் துணிந்தனம்.

பழந்தமிழில் மடை என்பது உணவையும், மடையன் என்பது சமைப்போனையும் குறித்தன. திருக்கோயில்களில் வழங்கும் மடைப்பள்ளி என்னும் பெயர் இன்றும் அப்பொருளைக் காத்து நிற்கின்றது. வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் நெறி வழுவாது பல்வகை அடிசில் ஆக்கப்பெற்றதைச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. அறிவிலியைக் குறிக்கும் மடையன் என்பதோ மடம் என்பதன் வழியாக வந்த வேறு சொல் என்று அகராதி பிரித்துக் காட்டும். எனினும், மக்கள் வழக்கில் தொழிற்பெயர் மறைந்து வசைப்பெயரே நிலைத்துவிட்டது. ஒரு சொல்லுக்கு நேர்ந்த இக்கதி, அச்சொல்லுக்குரிய தொழிலை உலகம் எங்ஙனம் மதித்தது என்பதற்கும் ஒருவாறு சான்றாகும். இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மேனாட்டிலும் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அடுக்களையாட்கள் கடைப்பட்ட ஏவலராகவே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணத்தை மாற்றியவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டு எஸ்கோஃபியே.

அவருடைய வரலாறு எமக்கு வேறொரு வகையாலும் அணுக்கமாயிற்று. எம் ஊராகிய சுங்குவார்சத்திரம் தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைத் தாங்கி நிற்பது. வழிப்போக்கர் இளைப்பாறி உண்டு செல்லும் இடமே சத்திரம் என்பதை யாவரும் அறிவர். இன்று அவ்வூர்வழிச் செல்வது சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் காரும் கைப்பேசியும் பிறவும் செய்யும் ஆலைகள் நிறைந்துள்ளன. தாய் கையால் உண்ட வீட்டைத் துறந்து, தொலைவிலிருந்து வந்த பல்லாயிரம் இளைஞரும் பெண்களும் ஆலையின் உணவுக்கூடத்திலும் விடுதியின் பந்தியிலும் உண்டு வாழ்கின்றனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இவ்வட்டாரத்து ஆலையொன்றிற் பணிபுரிந்த பெண்களுள் 150-க்கு மேற்பட்டோர், தாம் தங்கிய விடுதியில் அளிக்கப்பட்ட உணவால் நோயுற்று மருத்துவமனை புகுந்தனர். அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து முறையிட்டனர். வீட்டில் ஒருத்தி சமைப்பது அன்பினால் நடைபெறும். ஆயிரவர்க்குச் சமைப்பதற்கோ அன்போடு ஒழுங்கும் வேண்டும், தூய்மையும் வேண்டும், சமைப்போன் தன்னைத் தானே மதித்தலும் வேண்டும். இம்மூன்றையும் ஓரிடத்தே கொண்டுவந்தவர் எவர் என்று தேடிய போழ்து எஸ்கோஃபியேயின் பெயர் எம் கண்ணிற்பட்டது.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலை அடுத்து, நீஸ் நகருக்கு அண்மையில் வில்நோவ்-லூபே என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1846-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் அகுஸ்த் எஸ்கோஃபியே பிறந்தார். தந்தையார் கொல்லுத்தொழில் செய்து குடும்பம் புரந்தவர். சிறுவருக்கு ஓவியத்திலும் சிற்பத்திலும் நாட்டம் மிகுதி. சிற்பியாக வேண்டும் என்பதே அவருடைய அவா. ஆயினும், உழைத்தாலன்றி உலை ஏறாத வீட்டில் பிள்ளையின் அவாவை யார் கேட்பர்? 1859-ஆம் ஆண்டு, ஏறக்குறையப் பதின்மூன்றாம் வயதில், பள்ளியினின்று நிறுத்தப்பெற்று, நீஸ் நகரில் தந்தையின் உடன்பிறந்தார் நடத்திவந்த உணவுச்சாலையில் தொழில் பழக விடப்பட்டார்.

அக்காலத்து மேனாட்டு அடுக்களையை நாம் கண்டிருப்போமாயின் அஞ்சி அகன்றிருப்போம். அடுப்புக்களின் அனல் முகத்தைச் சுடும், காற்று உட்புகாது, கரிப்புகை நுரையீரலிற் படியும். வெப்பந் தாங்காது சமையற்காரர் மதுவைக் குடிப்பர், குடித்தபின் கூச்சலிடுவர், தொழில் பழகும் சிறுவரை அடிப்பர். உறவினர் என்னும் சலுகை எஸ்கோஃபியேக்குக் கிட்டவில்லை. அவர் உருவத்தில் மிகச் சிறியவர். அடுப்பின் அனல் நேரே முகத்திற் படாதிருக்கும் பொருட்டு உயர்ந்த குதிகளையுடைய பாதரட்சைகளை அணிந்துகொள்வாராம். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவ்வழக்கத்தை அவர் விட்டாரில்லை. விரும்பாத தொழிலிற் புகுத்தப்பட்ட ஒருவர்க்கு இருவழிகள் உண்டு: ஒன்று, அதனை வெறுத்து நாளைக் கழித்தல், மற்றொன்று, அதனிடத்தே தாம் விரும்பியதைக் கண்டுகொள்ளுதல். சிற்பியாக விரும்பிய சிறுவர் இரண்டாம் வழியைத் தெரிந்துகொண்டார்.

1865-ஆம் ஆண்டு, நம்முள் பலரை ஒத்த பத்தொன்பதாம் அகவையை எய்தும் வேளையில், பாரிஸ் மாநகரின் புகழ்வாய்ந்த உணவுச்சாலைகளுள் ஒன்றாகிய பெத்தி மூலான் ரூஜில் அவருக்கு வேலை கிடைத்தது. செல்வரும் பிரபுக்களும் வந்து உண்ணும் இடம் அது. ஆங்கு அவர் படிப்படியே முன்னேறுங் காலத்துப் படைத்தொழிற்கு அழைக்கப்பட்டார். 1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபொழுது, ரைன் படையின் தலைமையிடத்துச் சமையற்காரராக மெட்ஸ் நகருக்கு ஏகினார்.

மெட்ஸ் நகரைப் பகைவர் வளைத்துக்கொண்டனர். வெளியினின்று ஒருமணி தானியமும் உள்ளே வருதற்கில்லை. எதிர்நோக்கி முன்கூட்டியே கோழி முதலியவற்றைச் சேர்த்து வளர்த்து வைத்தார் எஸ்கோஃபியே. அவையும் தீர்ந்தபின், குதிரை இறைச்சியையே பல பக்குவங்களில் ஆக்கி அதிகாரிகளுக்குப் படைத்தார். உப்பும் அரிதாகிய அந்நாட்களில், இல்லாமையைக் கொண்டே இனிமை செய்தல் எங்ஙனம் என்பதை அவர் கற்றார். அக்டோபர்த் திங்களின் இறுதியில் மெட்ஸ் பணிந்தது. அவரும் சிறைப்பட்டு ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உணவைத் தகரக் குப்பிகளில் அடைத்துக் கெடாது காக்கும் முறையைப் பின்னாளில் அவர் ஆராய்ந்ததற்கு இப்பசிக்காலமே வித்தாயிற்று என்பர். மன்னர்க்கு விருந்து சமைத்த கைகள் முன்னர்ப் பட்டினியைப் பார்த்த கைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

போர் ஓய்ந்தபின் பாரிசுக்கு மீண்டு, பெத்தி மூலான் ரூஜில் தலைமைச் சமையற்காரரானார். கான் நகரில் பொன்மயமான ஃபெசன்ட் பறவையின் பெயரால் தாமே ஓர் உணவுச்சாலையும் திறந்தார். டெல்ஃபின் டாஃபி என்னும் பெண்மணியை மணந்தார். அவர் நூல் பதிப்பாளர் ஒருவரின் மகளார். கவிதை இயற்ற வல்லவர். இருவர்க்கும் ஆண்மக்கள் இருவரும் பெண்மகள் ஒருவரும் பிறந்தனர்.

1884-ஆம் ஆண்டில் அவருடைய வாழ்வு புதுத் திசையில் திரும்பிற்று. மான்டி கார்லோவிலிருந்த கிராண்ட் ஓட்டலின் அடுக்களைப் பொறுப்பை ஏற்று அவர் அங்கே சென்றார். அவ்வோட்டலின் மேலாளர் செசார் ரிட்ஸ் என்பவர். அவர் சுவிட்சர்லாந்து மலைக்குடியானவர் ஒருவரின் மைந்தர். மேசை துடைக்கும் வேலை முதற்கொண்டு பயின்று உயர்ந்தவர். விருந்தினரின் மனத்தை அறிதலில் ரிட்ஸ் வல்லவர். அவர்தம் நாவை அறிதலில் எஸ்கோஃபியே வல்லவர். ஒருவர் முன்மண்டபத்தை ஆள, மற்றொருவர் பின்கட்டை ஆண்டார். குளிர்காலத்தில் மான்டி கார்லோவிலும், கோடையில் லூசெர்ன் நகரத்து நேஷனல் ஓட்டலிலுமாக இருவரும் சேர்ந்து உழைத்தனர். கொல்லன் மகனும் குடியானவன் மகனும் கொண்ட இந்நட்பு, உலகத்து ஓட்டல் தொழிலின் போக்கையே மாற்றியது.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில், மின்விளக்கும் மின்தூக்கியும் பொருந்திய சவாய் ஓட்டல் 1889-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை நிறுவிய டாய்லி கார்ட் என்பார் ரிட்ஸை வருந்தி அழைக்க, 1890-ஆம் ஆண்டு ரிட்ஸும் எஸ்கோஃபியேயும் இலண்டன் சேர்ந்தனர். சவாயில் எஸ்கோஃபியே செய்தவற்றுள் தலையாயது அடுக்களையைப் பகுத்து அமைத்த முறையாகும். அதனைச் சிறிது விளக்குவோம்.

முன்னெல்லாம் ஒரு சமையற்காரர் ஒரு பண்டத்தைத் தொடக்க முதல் இறுதிவரை தாமே ஆக்குவார். மற்றொருவரும் அவ்வாறே வேறொரு பண்டத்தை ஆக்குவார். அதனால் ஒரே வேலையைப் பலர் தனித்தனியே செய்து காலம் வீணாகும். எஸ்கோஃபியே படையில் இருந்தவராதலின், படையைப் போலவே அடுக்களையையும் அணிவகுத்தார். குழம்புச் சாறுகளை ஆக்குதற்கு ஓரணி, வாட்டுதற்கும் பொரித்தற்கும் ஓரணி, மீனுக்கு ஓரணி, காய்கறியும் முட்டையும் ஆக்குதற்கு ஓரணி, மாப்பண்டங்களுக்கு ஓரணி, குளிர்ந்த பண்டங்களைக் காத்துத் திருத்துதற்கு ஓரணி. ஒவ்வோரணிக்கும் ஒரு தலைவர். அனைவர்க்கும் மேலே ஒருவர். எடுத்துக்காட்டாக, மேயர்பேர் முட்டை என்னும் பண்டத்தை நோக்குவோம். முன்னர் ஒருவரே ஆக்கின் அதற்குக் கால்மணி நேரம் செல்லும். எஸ்கோஃபியேயின் அடுக்களையில் முட்டையை ஓரணியினர் வேகவைக்க, ஆட்டுக் குண்டிக்காயை மற்றோரணியினர் வாட்ட, நிலத்தடிக் காளான் சேர்ந்த சாற்றைப் பிறிதோரணியினர் ஆக்கிவைத்திருக்க, மூன்றும் ஒரு தட்டில் வந்து சேரச் சில நிமிடங்களே போதுமாயின. சூடு ஆறாமுன்னர்ப் பண்டம் விருந்தினர் முன் இருக்கும்.

ஓரகடத்து ஆலைகளில் ஓரிடத்தில் ஓருறுப்பும் மற்றோரிடத்தில் மற்றோருறுப்புமாகச் சேர்ந்து, வரிசையின் இறுதியில் முழுக்கார் வெளிவருதலைக் கண்டோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஃபோர்டு என்பார் அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு அமைத்த நகரும் வரிசைக்குச் சற்றேறக்குறைய இருபதாண்டு முன்னரே, வேலைப்பகுப்பின் பயனை ஓர் அடுக்களை கண்டிருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை வரிசையில் ஓருறுப்பை மாட்டுவோன் ஆண்டுக்கணக்கில் அதனையே மாட்டிக்கொண்டிருத்தல் கூடும். எஸ்கோஃபியேயின் அடுக்களையில் தொழில் பழகுவோன் ஓரணியினின்று மற்றோரணிக்கு மாறி மாறிச் சென்று, அனைத்தையும் கற்றுத் தானே தலைவனாதற்கு வழியிருந்தது. பகுப்பு வேலைக்கே ஏற்பட்டதன்றி மனிதனுக்கு ஏற்பட்டதன்று. இவ்வேறுபாட்டை இக்காலத்து ஆலைத்தலைவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

உணவு படைக்கும் முறையிலும் அவர் எளிமையை விரும்பினார். 1833-ஆம் ஆண்டு மறைந்த கரேம் என்னும் பெருஞ்சமையற்காரர் காலத்தில், நம் வாழையிலைப் பந்தியிற்போல எல்லாப் பண்டங்களும் ஒருங்கே மேசைமீது பரப்பப்படும்; கோபுரமும் மாளிகையும்போல் அலங்காரங்கள் அவற்றின்மேல் எழும். கண்ணுக்கு விருந்தாயினும் நாவுக்கு எட்டுமுன் அவை ஆறிப்போம். ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டோடு படைக்கும் ருஷ்ய முறை அவருக்கு முன்னரே பிரான்சிற் புகுந்திருந்தது. அதனை நிலைநிறுத்தி, உண்ணற்கு ஆகாத அலங்காரங்களை விலக்கி, கனத்த சாறுகளை இலகுவாக்கியவர் எஸ்கோஃபியே.

இவற்றினும் சிறந்ததாக எமக்குத் தோன்றுவது பிறிதொன்று. தம் இளமையிற் கண்ட கூச்சலையும் குடியையும் வசையையும் அவர் தம் அடுக்களையினின்று அகற்றினார். மதுவைத் தடுத்தார், வெறுமனே தடுத்தாரல்லர், வெப்பத்திற்கு ஏற்ற பானம் யாதென மருத்துவரை வினவி, வாற்கோதுமை நீரைக் காய்ச்சி எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருந்தார். விருந்தினர் கேட்ட பண்டங்களை உரக்கக் கூவுவோனுக்குக் குரைப்போன் என்னும் பொருள்படும் பெயர் வழங்கிற்று. அதனை நீக்கி அறிவிப்போன் என்று பெயரிட்டார். சினம் வந்தால் ஏசாது, அடுக்களையை விட்டு வெளியே சென்று ஆறிய பின்னரே மீள்வாராம். வேலை முடிந்து வெளியே செல்லுங்கால் தூய உடை அணிந்து செல்லவும், ஓய்வுநேரத்திற் கல்வி பெறவும் தம் ஆட்களைத் தூண்டினார். அடுக்களையாள் தன்னை இழிந்தவனாக எண்ணுமளவும், அவன் ஆக்கும் உணவும் இழிந்தே இருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்போலும்.

அக்காலத்து இலண்டனில் உயர்குடிப் பெண்டிர் பொதுவிடத்தில் உண்ணுதல் வழக்கமன்று. சவாயின் ஒழுங்கும் நயமும் அவ்வழக்கத்தைத் தளர்த்தின. குடும்பப் பெண்டிர் கணவரோடும் உற்றாரோடும் வந்து உண்ணத் தொடங்கினர். ஆஸ்திரேலிய நாட்டுப் பாடகியாகிய நெல்லி மெல்பா என்பார் அன்னப்பறவை தோன்றும் லோகன்கிரின் இசைநாடகத்தில் நடித்தமையை நினைந்து, பனிக்கட்டியால் அன்னமொன்று சமைத்து, அதன் நடுவே ஐஸ்கிரீமும் பீச்சுப்பழமும் வைத்துப் படைத்தார் எஸ்கோஃபியே. பின்னர் ராஸ்பெர்ரிச் சாறும் சேர்ந்து, அது பீச் மெல்பா என்னும் பெயரோடு உலகெங்கும் பரவியது. சிற்பியாக விரும்பிய சிறுவர் பனிக்கட்டியிலேனும் சிற்பம் கண்டார். தவளையை உண்ணல் என்றால் ஆங்கிலேயர் முகஞ்சுளிப்பர். அவர்க்கே தவளைக்காலை வைகறைத் தேவமகளிர் என்னும் பொருள்படும் பெயரிட்டு உண்பித்த குறும்பும் அவர்பால் இருந்தது.

திங்களுக்கும் களங்கம் உண்டு. பெரியாரின் களங்கத்தை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. 1898-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ரிட்ஸும் எஸ்கோஃபியேயும் சவாயினின்று வேலை நீக்கப்பட்டனர். பெருந்தொகை மதிப்புள்ள மதுவகைகள் கணக்கில் வரவில்லை என்பதும், ஓட்டலுக்குப் பண்டம் விற்போரிடம் எஸ்கோஃபியே தரகு பெற்றார் என்பதும் குற்றச்சாட்டு. 1900-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எஸ்கோஃபியே தம் குற்றத்தை ஒப்பி எழுத்திற் கையொப்பமிட்டார். தம்மால் இயன்ற 500 பவுனைத் திருப்பியும் கொடுத்தார். அவ்வெழுத்து மறைவாகவே வைக்கப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்தபின்னரே உலகிற்குத் தெரியவந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஒழுங்கு வகுத்தவர் தம் கைக்கு ஒழுங்கு வகுக்கத் தவறினார். கடையிலிருந்து வரும் பண்டத்தில் ஒருவர் தரகு கொள்ளுவாராயின் அவ்விழப்பை இறுதியில் ஏற்பது உண்பவரின் தட்டே. பலர்க்குச் சமைக்கும் இடங்களில் இன்றும் முதலிற் காவல் வேண்டப்படுவது அடுப்புக்கன்று, கொள்முதற் கணக்குக்கே என்பதற்கு இம்மேதையின் வீழ்ச்சியே சான்று.

எனினும் அவர் வீழ்ந்த இடத்திற் கிடந்தாரல்லர். 1898-ஆம் ஆண்டிலேயே பாரிஸில் ரிட்ஸ் ஓட்டல் திறக்கப்பட்டது. 1899-ஆம் ஆண்டு இலண்டனில் கார்ல்டன் ஓட்டல் திறக்கப்பட்டது. கார்ல்டன் அடுக்களையை எஸ்கோஃபியே ஏற்று இருபதாண்டளவு ஆண்டார். 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென அங்குப் பெருவிருந்துகள் ஏற்பாடாகியிருந்தன. மன்னர் திடீரென நோயுற்றமையால் விழா ஒத்திவைக்கப்பட்டது. அந்நாளில் ரிட்ஸ் மனமுடைந்து வீழ்ந்தார். அதன்பின் அவர் பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1918-ஆம் ஆண்டு காலமானார். முன்மண்டபத்தை ஆண்ட நண்பர் வீழ்ந்தபின்னும் பின்கட்டை ஆண்டவர் தம் அடுப்பை அணையவிடவில்லை.

1903-ஆம் ஆண்டு, பிலேயாஸ் ஜில்பேர், எமில் ஃபேத்து முதலிய தோழரின் துணையோடு அவர் தம் மடைநூலை வெளியிட்டார். சமையல் வழிகாட்டி என்னும் பொருள்படும் அந்நூலில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பக்குவங்கள் அடங்கியுள்ளன. வீட்டுப்பெண்டிர்க்கென எழுதப்பட்ட விரிவுரையன்று அது. தொழிலாளர் அடுப்பின் பக்கத்தே வைத்துப் புரட்டுதற்குரிய சுருக்கநூல். நம் நாட்டில் சமையற்காரர் தம் கைப்பக்குவத்தை மைந்தர்க்கும் மறைத்து வைத்துத் தம்மோடு கொண்டுபோதல் உண்டு. எஸ்கோஃபியே தாம் அறிந்தவற்றையெல்லாம் ஏட்டில் எழுதி எவர்க்கும் உரியதாக்கினார். நூறாண்டுக்கு மேலாகியும் தொழில் கற்போர் அந்நூலைக் கைவிட்டாரில்லை. ஒருவருடைய வெற்றி ஒரு தொழிலின் வெற்றியாக மாறியது இந்நூலாலேயே எனலாம்.

செல்வர்க்கே சமைத்தவர் வறியரை மறந்தாரோ எனின், இல்லை. சவாயில் எஞ்சிய காடை முதலிய நல்லுணவை வீணாக்காது செப்பஞ்செய்து, முதியோரைப் பேணும் வறியோரின் சிறிய சகோதரிகள் என்னும் கன்னியர் மடத்திற்கு அனுப்பிவந்தார். 1910-ஆம் ஆண்டு வறுமையை ஒழித்தற்குரிய பரஸ்பர உதவித் திட்டம் ஒன்றைச் சிறுநூலாக எழுதி வெளியிட்டார். உழைத்து முதுமையுற்றோர் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்பதே அதன் கருத்து. 1914-ஆம் ஆண்டு பெரும்போர் மூண்டபொழுது அவருடைய ஆட்கள் பலர் போர்முனைக்குச் சென்றனர்; அவர்தம் குடும்பங்களுக்கென அவர் நிதி திரட்டினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அவருடைய மைந்தர் டானியேலும் போரில் மாண்டார். அத்துயரைச் சுமந்துகொண்டே கார்ல்டனில் நாள்தோறும் அடுப்பின்முன் நின்றார்.

புகழுக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. இலண்டனில் முப்பதாண்டளவு வாழ்ந்தும் அவர் ஆங்கிலம் பேசக் கற்றாரில்லை. மனைவியாரும் மக்களும் மான்டி கார்லோவில் வாழ, அவர் கடல் கடந்து ஓட்டல் அறையிலேயே காலங்கழித்தார். ஊரார் குடும்பங்கள் கூடியுண்ணப் பந்தி அமைத்தவர் தம் குடும்பத்தோடு கூடியுண்ட நாட்கள் சிலவே. 1920-ஆம் ஆண்டு ஓய்வு பெற்று மான்டி கார்லோவுக்கு மீண்டார். 1928-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் லீஜியன் ஆஃப் ஹானர் என்னும் விருதின் உயர்படியை அவருக்கு அளித்தது. சமையற்காரர் ஒருவர் நாட்டின் மேன்மக்கள் வரிசையில் அமர்ந்தார். 1934-ஆம் ஆண்டிலும் வீட்டுச் சமையல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1935-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மனைவியார் மறைந்தார். சில நாட்களே கழிந்து, அத்திங்கள் 12-ஆம் நாள், தம் எண்பத்தெட்டாம் அகவையில் எஸ்கோஃபியேயும் மறைந்தார். அவர் பிறந்த கொல்லன் வீடு 1966-ஆம் ஆண்டுமுதல் சமையற்கலைக் காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

நம் நாட்டிலும் இத்தகையோர் தோன்றாமற்போகவில்லை. உடுப்பிப் பக்கத்தினின்று சென்னை போந்து, அடுக்களை ஏவலராகத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் என்பார், 1938-ஆம் ஆண்டு இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். காரில் அமர்ந்தபடியே தோசையும் காப்பியும் உண்ணும் டிரைவ்-இன் உணவகம் 1962-ஆம் ஆண்டு கதீட்ரல் சாலையில் எழுந்ததும் அவராலேயே. அது 2008-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உளது. கடல்கடந்த நாட்டினர் ஒருவரின் வரலாற்றை யாம் விரித்துரைத்தது, நம்மவர் பெருமையை மறந்தன்று. அடுக்களையில் ஏவல் செய்வோரும் உயரலாம் என்பதற்கு இருநாட்டிலும் சான்றுண்டு என்பதைக் காட்டுதற்கே.

அன்பர்காள்! எஸ்கோஃபியேயின் வாழ்க்கையில் நாம் கொள்ளத்தக்கது யாது? எவரும் முயன்றால் செல்வராகலாம் என்பது மட்டுமாயின், அதனைக் கூறும் வரலாறுகள் எண்ணிறந்தன. அவர் தாம் மட்டும் உயர்ந்து தம் தொழிலைத் தாழ விட்டாரல்லர். தாம் ஏறிய படிகளிலே தம்முடன் நின்றோரையும் ஏற்றினார். உண்போரின் நலத்தையும் உணவாக்குவோரின் மானத்தையும் அவர் பிரித்து எண்ணவில்லை. தூய நீரும் காற்றும் ஓய்வும் ஊதியமும் மதிப்பும் பெறாத கைகள் ஆக்கும் சோறு, ஒருநாள் இல்லாவிடினும் ஒருநாள் நோயாக மாறியே தீரும். நெடுஞ்சாலையில் அமர்ந்து முறையிட்ட அப்பெண்களின் குரலைக் கேட்டோர், அவர்க்குச் சமைத்தவர் எத்தகைய அடுக்களையில் நின்றார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

நம் விடுதியிலும், நம் ஊர் ஆலைகளிலும், சாலையோரத்து ஓட்டல்களிலும் பொழுது புலருமுன் எழுந்து நமக்காக உலை வைப்போர் பலர். அவர் பெயரை நாம் அறியோம், கேட்டதும் இல்லை. கேட்டறிந்து, நன்றி கூறி, அவர் நிற்குமிடம் மனிதர் நிற்கத்தக்கதாய் உளதா என்று நோக்குதல், கல்வி பெற்ற நம் கடன். அக்கடனைச் செய்யும் நாளில், மடையன் என்னும் தொழிற்பெயர் வசையினின்று மீண்டு தன் பழைய பொருளிலே மீண்டும் நிமிர்ந்து நிற்கும்.